டார்க் கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கன்வெர்ட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுக் கொடுங்க" என்று பலர் கேட்டு வருகிறீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்தான் இந்த டார்க் கன்வெர்ட்டர். செலவு பிடிக்கிற வேலை என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது, வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஏறியதுபோல வண்டி அதிர்கிறதா? ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள் (பின்னால் வண்டி வராத சாலையில் மட்டும்). அதிர்வு சட்டென்று நின்றால் கோளாறு பெரும்பாலும் லாக்-அப் கிளட்சில் (சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டுகிற, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச்). கியர்பாக்ஸ் ஆயில் கெட்டுப்போனதாலும் இது வரும். சரியான ரக ஆயில் மாற்றியதிலேயே சில வண்டிகள் குணமாகிவிடும். அதனால் ஆயிலைப் பார்க்காமல் நாங்கள் கியர்பாக்ஸை இறக்குவதில்லை. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடையோடு இரும்புத்தூளும் கலந்து வந்தால் கதையே வேறு.

கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்டால் ஸ்பீட். கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் முட்டி நிற்கிறதோ அதுதான். சாதாரண கார்களில் பெரும்பாலும் 2000-ஐ ஒட்டி இருக்கும். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அதற்கேற்பத்தான் உள்ளே இறக்கைகளின் கோணம் அமைந்திருக்கும். பெட்ரோல் வண்டிக் கன்வெர்ட்டர் போல்ட் துளைக்குப் பொருந்தினாலும் டீசலுக்கு ஒத்துவராது.

3000-க்கு மேல் ஸ்டால் உள்ளவை டிராக் ரேஸுக்கானவை (நேர்கோட்டில் குறுகிய தூரம் சீறிப் போகும் பந்தயம்). நகர நெரிசலில் அவை வழுக்கிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்கும், மைலேஜும் அடிவாங்கும். தினமும் ஓட்டுகிற வண்டிக்குக் கம்பெனி அளவுதான் சரி. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ரீகண்டிஷன் கன்வெர்ட்டரை வாங்கலாம். ஆனால் வெல்டிங்கை அறுத்துப் பிரித்தார்களா, லாக்-அப் லைனிங்கும் பேரிங்கும் மாற்றினார்களா, பேலன்ஸ் பார்த்தார்களா என்று கேளுங்கள். வெளியே பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கிவிடலாம்; உள்ளே தங்கிய இரும்புத்தூளை நடுத் துளை வழியாக முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. ஆயில் கூலரையும் கூடவே சுத்தம் செய்ய வேண்டும். அதை விட்டால் பழைய தூள் புதுக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும்.

மாட்டும்போது கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பில் கடைசிவரை உட்கார வேண்டும். உட்காராமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். கன்வெர்ட்டர் எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்று நாங்கள் அளந்து பார்த்த பிறகே கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கிறோம். நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

வரும்போது ஆர்சி நகலும், கடைசியாக ஆயில் மாற்றிய பில்லும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் பணிமனையினர்