மைனஸ் ஒன் போட்ட அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

தண்ணீர் தேங்கும் தெருக்களைப் பதிவு செய்யும் நம்ம செயலியின் புதிய பதிப்பு, மழை பிடிப்பதற்குள் வெளிவந்துவிட்டது. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை என்று தெருத்தெருவாகச் சோதித்துக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. கணேசபுரம் சுரங்கப்பாதையில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் சென்டிமீட்டரை விட்டுவிட்டு, "சைலன்சர் முழுகுமா, முழுகாதா, அதைக் கேளு" என்ற ஆட்டோ அண்ணன்களுக்குத் தனி நன்றி. இப்போது செயலியில் இருக்கும் அளவே அதுதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ராயபுரத்து அக்காவுக்காக. பதிவு போடுபவரின் போன் நம்பரைச் சேமிக்கலாம் என்று எல்லோரும் தலையாட்டியபோது அவர் ஒருவர்தான் மைனஸ் ஒன், அதாவது மறுப்பு, போட்டார். "வீட்டு முன்னாடி சாக்கடை பொங்குதுன்னு ஒரு பொண்ணு பதிவு போட்டா, அவ நம்பரும் வீடும் ஒரே வரிசையில வந்துடும். அந்த ஷீட்டை யார் யார் திறக்கிறீங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. கைதூக்கி எண்ணியிருந்தால் அந்தக் கேள்வி அன்றைக்கே அமுங்கிப் போயிருக்கும்.

இந்த மைனஸ் ஒன், திறந்த மூல மென்பொருள் செய்யும் அப்பாச்சி அமைப்பின் வழக்கம். அதன் திட்டங்களில் கோடு (நிரல்) மாற்றத்துக்கு மைனஸ் ஒன் போடுபவர் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அவர் திரும்பப் பெறும்வரை மாற்றம் நிற்கும். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பிலும் வாக்கெடுப்பு கிடையாது. ஏறக்குறைய ஒத்த கருத்தும் ஓடுகிற கோடும் போதும் என்று 1992-ல் டேவிட் கிளார்க் சொன்ன வழிதான் அங்கே. எல்லோருடைய விருப்பமும் நிறைவேற வேண்டும் என்றில்லை, எழுந்த ஆட்சேபத்துக்கு முகம் கொடுத்திருக்க வேண்டும். 2014-ல் வந்த ஆர்.எஃப்.சி. 7282 என்ற அவர்களுடைய ஆவணம் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது.

ஐ.இ.டி.எஃப். கூட்டங்களில் கைதூக்குவதற்குப் பதில் 'ம்ம்ம்' என்று முனகுவார்களாமே என்று நாமும் முனகிப் பார்த்தோம். சரியாக அந்த நேரம் பார்த்து கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி! எது ஆள், எது வண்டி என்றே தெரியவில்லை. சிரித்து முடித்து மறுபடி முனகினோம்.

நம்பருக்குப் பதில் டோக்கன் என்ற யோசனையை எழுதிக் கொண்டுவந்த தம்பிக்கு நன்றி. டோக்கனை வைத்துப் பதிவு போட்டவர் நிலவரம் பார்க்கலாம். நாம் அவரைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டு விசாரிக்க முடியாவிட்டால் பொய்ப் பதிவை எப்படிப் பிடிப்பது என்று பெரம்பூர் சார் இன்னமும் கேட்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது. இருந்தும் "எனக்குப் பிடிக்கலை, ஆனா தடுக்க மாட்டேன்" என்று வழிவிட்டார். அதோடு நிற்காமல் டோக்கன் கோடில் பாதியை அவரே எழுதிக் கொடுத்தார். சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம், எண்ணூரில் ஷிப்ட் பார்க்கும் நண்பர்கள். அப்பாச்சி வழக்கப்படி 72 மணி நேரம் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று வைத்திருந்தோம். நடுவில் ஒரு ஞாயிறாவது வர வேண்டும் என்று மாற்ற வைத்தது அவர்கள்தான். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

ஹாலைச் சும்மா கொடுத்த டியூஷன் சென்டர் அம்மாவுக்கும், கணக்கு எழுதிக்கொண்டே டீ அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி. கடைக்காரருக்குப் பாக்கியும் உண்டு.

பொய்ப் பதிவுகளை என்ன செய்வது என்ற வரைவைப் பெரம்பூர் சார் போட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு இரவுவரை திறந்திருக்கும். மைனஸ் ஒன் போடுபவர்கள் காரணத்தோடு வரவும்.