14416-ஐ அழைக்கும் முன்

நண்பர்களே, தூக்கம் கெட்டு, வகுப்புக்கோ வேலைக்கோ போகவே மனசு வராமல் நாட்கள் ஓடினால் 14416-ஐக் கூப்பிடுங்கள். இது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம்.

பலர் பதிவுக்குரல் மொழி கேட்கும்போதே வைத்துவிடுகிறார்கள். பொறுத்திருந்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பேசுவது பயிற்சி பெற்ற ஆலோசகர். எடுத்ததும் டாக்டரை எதிர்பார்க்க வேண்டாம், தேவையென்றால் ஆலோசகரே மனநல மருத்துவரிடம் இணைப்பார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைக் கையில் வைத்திருங்கள். பெயரும் மில்லிகிராமும் சொல்ல உதவும். ஹெட்போன் மாட்டினாலும் நீங்கள் பேசுவது பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும், ஹாஸ்டலில் இருப்பவர்கள் அறைக்கு வெளியே வந்து பேசுங்கள்.

யாராவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் முதலில் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.