வடமும் கலமும்

அன்புள்ள பிள்ளைக்கு,

உடம்பிலுள்ள ஒரு கலம் (செல்) தான் ஒட்டியிருக்கும் தரை கடினமா மென்மையா என்று எப்படி அறிகிறது என்பதைப் போன கிழமை போனில் நீ விளக்கியபோது “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் விளங்கியது. அப்புறம் நீ அனுப்பிய படத்தோடு பல்கனியில் இரண்டு நாள் குந்தியிருந்தேன். வெள்ளவத்தை ரயில் சத்தத்துக்குள் ஒருவாறு பிடிபட்டது.

கொழும்புத் துறைமுகத்தில் 31 வருடம் கப்பலைக் கரையில் கட்டும் வடத்தோடு கிடந்தவன் நான். எனக்கு வடக்கணக்கில்தான் எதுவும் ஏறும். இன்டெக்ரின் என்ற புரதம் கலத்தின் தோலை ஊடுருவி நின்று வெளியே உள்ள நாரைப் பிடிக்கிறது. உள்ளே அதன் காலில் டாலின் என்ற இன்னொரு புரதம். டாலினைக் கலத்துக்குள் இருக்கும் அக்டின் என்ற புரத இழைகள் இழுக்கின்றன. சரிதானே? நான் நினைத்திருந்தது, வெளியே இருந்து யாரோ தள்ளினால்தான் கலத்துக்குத் தெரியும் என்று. அது தானே இழுத்துப் பார்த்தல்லவா தரையின் கடினத்தை அறிகிறது!

எனக்குத் தூக்கம் கெட்டது டாலினால்தான். இறுகிய வடத்துக்குக் கிட்ட நிற்காதே என்று புதுப் பெடியன்களுக்கு ஏசியிருக்கிறேன். இழுவை மிஞ்சினால் அறும், அறுந்தால் ஆளை வெட்டும். உன் டாலினோ இழுக்க இழுக்க மடிப்பு அவிழ்ந்து, ஒளித்து வைத்திருந்த இடங்களைக் காட்டுகிறது. வின்குலின் என்ற வேறொரு புரதம் வந்து அங்கே ஒட்டி, அக்டினோடு இன்னொரு கட்டுப் போடுகிறது. முதல் மடிப்பு அவிழ 5 பைகோநியூட்டன் அளவு இழுவை போதுமாம். ஒரு அப்பிளின் பாரத்தை 20,000 கோடி பங்காக்கி அதில் ஒன்று! தரை மெத்தென்றிருந்தால் டாலின் விரியுமுன்பே பிடி நழுவிவிடும்.

2006இல் செய்த பரிசோதனையையும் அம்மாவுக்குச் சொன்னேன். ஒரே வகைக் குருத்துக் கலங்கள், அதாவது வேறு வேறு கலங்களாக மாறக்கூடியவை. மூளை போல மென்மையான ஜெல்லில் நரம்பின் சாயல், தசை போன்றதில் தசையின் சாயல், இன்னும் கடினமானதில் எலும்பின் சாயல். அவ நம்பவில்லை.

என் மணிக்கட்டுப் பிளாஸ்டரைக் கழற்றியாயிற்று. ஆறு கிழமை சும்மா கிடந்த கை முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருக்கிறது. பிசியோ தந்த பஞ்சுப் பந்தை விட்டு டெனிஸ் பந்தை அமுக்குகிறேன் என்று அம்மா ஏசுகிறா.

ஒன்றை மட்டும் நீ சொல்லவில்லை. கப்பல் புறப்படும்போது வடத்தின் வளையத்தைக் கரையில் நாங்கள் கழற்றிவிடுவோம். கலம் நகர வேண்டுமென்றால் பின்பக்கத்துப் பிடியை அங்கே யார் கழற்றுவது?

அன்புடன்,
அப்பா