ஆவாரம் விதை அனுப்பப் போவதில்லை, எய்யா

அன்புள்ள எய்யாவுக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா எழுதுவது. மினசோட்டாவில் புது வீட்டின் பின்னால் நிறைய இடம் கிடக்கிறது, நம்ம புறவாசல் மாதிரியே ஆக்கணும், ஆவாரம், தும்பை, ஆடுதீண்டாப்பாளை விதையெல்லாம் அனுப்புங்கம்மா என்று போனில் கேட்டாய். அனுப்பப் போவதில்லை. உரிய அனுமதி இல்லாமல் விதையைத் தபாலில் போட அமெரிக்கச் சட்டம் விடாது. விட்டாலும் அனுப்ப மாட்டேன். தாவரவியல் நடத்தியவள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு ஊர்ச் செடி அந்த ஊர்ப் பூச்சிகளோடு சேர்ந்தே வாழ்வது.

நம்ம வேலியில் ஓடிக்கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையில் ஆடுகூட வாய் வைக்காது. ஆனால் கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி வருமே, அது அந்தக் கொடியைத் தேடித்தான் முட்டையிடும். மழை விட்ட ஒரு காலையில் நின்று பார்த்தேன். பக்கத்து மல்லிகை இலையில் கால் வைத்த உடனே எழுந்துவிட்டது. கொடித் தளிருக்கு வந்ததும் காலால் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்து முட்டை வைத்தது. புழு அந்த இலையிலுள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அதனால் குருவிகள் அதை ஒதுக்கிவிடும். தேன் வேறு பூக்களிலும் கிடைக்கும். புழுவுக்குச் சோறு அந்தக் கொடி வகையில்தான். களை என்று அதைப் பிடுங்கிவிட்டால், வீடு நிறைய ரோஜா வைத்தும் பயனில்லை.

ஆவாரம்பூவும் அப்படித்தான். அதன் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் உண்டு. கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவிட்டால்தான் தூள் கொட்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும்கூட இந்த அதிர்வு நல்லது.

உங்கள் மினசோட்டாவிலும் இப்படி அதிரவைக்கும் பெரிய ரோமத் தேனீக்கள் உண்டு, பம்பிள்பீ. அதில் முதுகில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி உள்ள ஒரு இனம் வேகமாக அருகிப்போய், 2017இல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. 2019இல் உங்கள் மாநிலம் அதையே மாநிலத் தேனீயாக்கியது. அதே வருஷம்தான் இங்கே தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தேனீ வசந்தத்தில் எழுந்ததிலிருந்து பனி விழும்வரை ஏதாவது ஒரு பூ இருந்துகொண்டே இருக்கணும். அந்த ஊர்ச் செடிகளையே கேட்டு வாங்கு: பீ பாம், கோல்டன்ராட், ஆஸ்டர். அடுக்கிதழ்ப் பூ பார்க்க அழகுதான், தேனுக்கும் மகரந்தத்துக்கும் வழி இருக்காது, வேண்டாம். செடிக்கு நியோனிக் பூச்சிமருந்து போட்டிருக்கிறார்களா என்று நர்சரியில் கட்டாயம் கேள். அந்த மருந்து பூவின் தேனுக்குள்ளேயே இறங்கிவிடும். உதிர்ந்த இலையை முழுக்க வாரிப்போடாதே, ராணித் தேனீ குளிர்காலத்தை மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும்தான் கழிக்கும்.

ஊர் ஞாபகத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் மில்க்வீட் வை. உடைத்தால் பால் வரும், நம்ம எருக்கின் குடும்பம்தான். இங்கே எருக்கில் வளரும் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிக்கு உறவான மோனார்க் அதில்தான் முட்டையிடும், இலையுதிர்காலத்தில் மெக்சிகோவரை பறந்து போகும். கடையில் சிவப்பும் மஞ்சளுமாக வெப்பநாட்டு மில்க்வீட் காட்டினால் வாங்காதே, அது உங்கள் ஊர்க்காரி இல்லை.

மில்க்வீட் விதையைக் குளிர் தொடங்குமுன், அக்டோபர் கடைசியில், மண்மேல் தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். முளைக்க அதற்குப் பனிக்காலத்து ஈரக்குளிர் தேவை, வசந்தத்தில் தானாக வரும். அதுவரை நாற்று எங்கே என்று கிண்டிப் பார்க்காதே என மருமகளிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அம்மா