கலைப் பாடவேளை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடந்து, முதலிடம் பெறுவோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள் வழங்கப்படுவதை மகிழ்ச்சியோடு பார்த்து வருகிறேன். அந்த விழா தொடர வேண்டும். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே திறமை வெளிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. மேடையேறும் அந்தச் சிலர் போக, வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது வண்ணமும் களிமண்ணும் பாட்டும் கிடைக்கின்றனவா என்று கேட்டால், பெரும்பாலான தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கலைப் பாடவேளையும் அதை நடத்தத் தகுதியுள்ள ஆசிரியரும் வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குறையின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் முழுமையான வளர்ச்சியையும் செயல்பாடுகள் வழியாகக் கற்பதையும் 29ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. அதே சட்டத்தின் அட்டவணையோ, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான் கலை, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கலை ஆசிரியர் என்ற பேச்சே அதில் இல்லை. மூன்று வகுப்பும் சேர்ந்து நாற்பது, ஐம்பது பேர் மட்டுமே படிக்கும் கிராமத்து நடுநிலைப் பள்ளிகள் நம் மாவட்டங்களில் ஏராளம். வேறு எந்தக் கலைப் பயிற்சிக்கும் வழியில்லாத பிள்ளைகள் படிக்கும் இடங்கள் அவைதாம். சட்டத்தின் எண்ணிக்கைக் கணக்கில் முதலில் விடுபட்டுப் போவதும் அவைதாம்.

தமிழ்நாட்டில் 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று தொடங்கிய பணி அது. ஊதியம் அவ்வப்போது உயர்த்தப்பட்டதே தவிர, பணி நிரந்தரம் என்ற அவர்களுடைய கோரிக்கை நிறைவேறவில்லை. ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளை எழுதி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து வந்த ஒருவரை, பாட ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்பில் உட்கார வைப்பதும், ஆண்டுவிழா மேடைக்கு எழுத்து எழுதச் சொல்வதும் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டன. ஓய்வு பெறும்வரை இதைக் கண்ணெதிரே பார்த்தவன் என்ற முறையில் மிகுந்த வருத்தத்தோடு இதைப் பதிவு செய்கிறேன்.

எழுத்தும் கணக்குமே சரியாக வராத பிள்ளைகளுக்குக் கலை எதற்கு என்று பெற்றோரும் அலுவலர்களும் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆயினும், எழுத்தும் கணக்கும் பிள்ளைகளின் மனத்தில் பதியும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால், கலையைத் தள்ளிவைப்பதுதான் அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது விளங்கும்.

ஆறாம் வகுப்பில் ஒரு வேப்பிலை ஈர்க்கைக் கொடுத்து, அதிலுள்ள ஒரே ஒரு சிற்றிலையை உள்ளது உள்ளபடி பெரிதாக வரையச் சொல்லுங்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளும் நடுநரம்பின் இரு பக்கமும் சமமாக இருக்கும்படி, தாங்கள் நினைத்து வைத்திருக்கும் இலையை வரைவார்கள். மறுபடி பார்க்கச் சொன்னால், ஒரு பக்கத்து அடிப்பகுதி அகன்றும் மறுபக்கத்தது ஒடுங்கியும் இருப்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் விளிம்பின் பற்களும் நரம்புகள் பிரியும் விதமும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பாடநூலிலுள்ள படத்தைப் பார்த்துப் பாகங்களைக் குறிக்கும் பயிற்சியில் இந்தக் கவனம் வருவதில்லை. அறிவியலுக்கு வேண்டிய முதல் பழக்கமே இதுதான்.

கணக்கிலும் இப்படித்தான். ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்திற்கு மொத்தம் எத்தனை புள்ளி என்று, வைத்து எண்ணுவதற்கு முன்பே சொல்லச் சொன்னால், பிள்ளைகள் தாமாகவே வரிசைக்கு வரிசை ஒற்றை எண்களைக் கூட்டத் தொடங்கி (1+3+5+7+5+3+1) 25 என்ற விடைக்கு வருவார்கள். ஏழில் தொடங்கி நான்கில் நிற்கும் இடைப்புள்ளிக் கோலம் என்றால் (4+5+6+7+6+5+4) 37. சமச்சீர் என்ற பாடம் வரும்போது, வீட்டு வாசலில் நாள்தோறும் அதைப் போட்டுப் பழகிய பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுவாள். வகுப்பில் ஒரு குழு ஒவ்வொரு மூன்றாம் எண்ணிக்கையிலும் இன்னொரு குழு ஒவ்வொரு நான்காம் எண்ணிக்கையிலும் கைதட்டினால், பன்னிரண்டில் இரண்டு தட்டும் ஒன்றாக விழும். மீச்சிறு பொது மடங்கு என்பது என்னவென்று அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

மொழியைப் பொறுத்தவரை நாடகத்துக்கு இணை எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளை, தன் பங்குக்கு வந்த வசனத்தை யாரும் சொல்லாமலே பத்துமுறை படித்துப் பார்ப்பான். பாடநூலின் பத்தியை அப்படிப் படிக்க வைக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரச்செய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபின், கீழ்வகுப்புகளில் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் ஓரளவு வந்திருக்கின்றன. அதை முழுமனத்தோடு பாராட்டுகிறேன். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அவையெல்லாம் நின்று போகின்றன. உடலும் மனமும் வேகமாக மாறும் வயது. சொல்லத் தெரியாத கோபமும் கூச்சமும் மண்டும் வயது. அவற்றை வெளிப்படுத்த ஒரு வழி மிகவும் தேவைப்படும் அந்த மூன்று ஆண்டுகளில்தான் பாடநூலும் தேர்வும் வகுப்பறையை முழுவதுமாக எடுத்துக்கொள்கின்றன. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென்று மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. நல்ல நோக்கம். நடைமுறையில் அது, கடையில் விற்கும் அச்சுப் படங்களை வாங்கிச் சார்ட் தாளில் ஒட்டிக் கொண்டுவருவதாகச் சுருங்கிவிட்டது. ஆகவே, கலைப் பாடத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம் என்பேன்.

கலைவழிக் கல்வி என்றால் அது பணம் படைத்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. பெருநகரங்களில் இம்முறையில் நடக்கும் தனியார் பள்ளிகளின் கட்டணத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய, கலையையும் கைவேலையையும் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கும் முதல் வால்டார்ஃப் பள்ளி, ஒரு சிகரெட் ஆலையின் தொழிலாளர்களுடைய பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு போன்ற கைத்தொழிலை நடுவில் வைத்து, கிராமத்துப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று உருவான ஒன்றை அவர்களுக்கே எட்டாததாக்கியிருப்பது பெரும் அநீதி.

தமிழ்நாட்டில் ஆளுக்கும் பஞ்சமில்லை. 1850இல் தொடங்கிய சென்னை கவின் கலைக் கல்லூரி, நாட்டின் மிகப் பழைய கலைக் கல்விக்கூடங்களுள் ஒன்று. எங்கள் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவருகிறார்கள். தெருக்கூத்து, தோற்பாவைக் கூத்து, கரகம், பறை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்துகொண்டு, திருவிழாக் காலம் தவிர மற்ற மாதங்களில் வேலையின்றி இருக்கிறார்கள். சிறிய பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கலை ஆசிரியர் என்பது உடனடியாக இயலாது என்றால், அருகருகே உள்ள சில பள்ளிகளை இணைக்கும் குறுவளமையம் ஒன்றுக்கு ஒருவரை முழுநேரப் பணியில் நியமித்து, வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கு அவரை அனுப்பலாம். அருகிலுள்ள நாட்டுப்புறக் கலைஞருக்கு மதிப்பூதியம் கொடுத்துப் பருவத்துக்குச் சில வாரங்கள் பள்ளிக்கு வரவழைக்கலாம். பள்ளி மானியத்தில் தாளுக்கும் வண்ணத்துக்கும் களிமண்ணுக்கும் தனியே தொகை ஒதுக்கினால், பெற்றோரிடம் கேட்க வேண்டிய நிலை வராது.

இவற்றோடு, கால அட்டவணையில் எழுதப்படும் கலைப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை தெளிவான ஆணை பிறப்பித்து, பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்கள் வாசிப்பையும் வாய்ப்பாட்டையும் சோதிப்பது போலவே பிள்ளைகளின் ஓவியக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்,
கும்பகோணம்.