கூரை மாற்றும் வீட்டுக்குத்தான் சோலார் ஓடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெயிலில் கரண்ட் தரும் கூரை ஓடுகளான சோலார் ஓடுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. கம்பிச் சட்டம் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காமல், கூரை கூரையாகவே தெரிந்தபடி கரண்டும் தருகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஓட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

முதலில் சூடு. சாதாரண சோலார் பேனலைச் சட்டத்தின் மேல் பொருத்தும்போது அதற்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள், அதில் காற்று ஓடும். சோலார் ஓடு பெரும்பாலும் கூரையோடு ஒட்டியே படுத்திருப்பதால் சூடு வெளியேற வழி குறைவு. ஓட்டிலும் பேனலிலும் கரண்ட் உண்டாக்கும் சிலிக்கான் செல்லின் திறனை 25 டிகிரி செல்சியஸில் அளந்துதான் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இறங்கும். செல் 65 டிகிரியைத் தொட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 12 முதல் 16 சதவீதம் போய்விடும். செல்லுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல.

அப்புறம் ரிப்பேர். என் அக்கா வீட்டில் சோலார் ஓடு பதித்த அடுத்த மழைக்கே உள்கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை விழுந்தது. கூரை போட்டவரைக் கூப்பிட்டால் ஒயர் வேலை செய்தவரைக் கேளுங்கள் என்றார், அவரைக் கூப்பிட்டால் ஒழுகுவது கூரைக்காரர் பொறுப்பு என்றார், இருவரும் சேர்ந்து ஏணி ஏறுவதற்குள் கறை தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் சுவரும் கூரையும் சேரும் மூலையில் அடைப்பு சரியில்லை, அவ்வளவுதான். கூரைக்கும் கரண்டுக்கும் ஒருவரே பொறுப்பு என்று எழுத்தில் வாங்காமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிவான கூரை, அதுவும் பழசாகிப் பிரித்துப் போடும் நிலையில் இருந்தால், புதுக் கூரைக்கு எப்படியும் ஆகும் செலவைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம், அப்போது சோலார் ஓட்டின் விலை அவ்வளவு உறுத்தாது. பேனல் போட்ட வீட்டில் கூரை கெட்டால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும், அந்தத் தொல்லையும் இதில் இல்லை. ஜிஏஎஃப் எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த சோலார் ஓடுகளைக் கூரை வேலை செய்பவர்களே ஆணியடித்துப் பதித்துவிடலாம், இது நல்ல முன்னேற்றம். ஆனால் இன்னும் பல வருடம் தாங்கும் கூரையை இதற்காகப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே சாதாரண பேனலே போதும், அதே செலவில் கூடுதல் கரண்ட் கிடைக்கும்.

இன்னொன்று, உதிரி ஓடு. அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனம் 2009-ல் ஆரவாரமாக அறிவித்த பவர்ஹவுஸ் என்ற சோலார் ஓடுகளை 2016-ல் நிறுத்திவிட்டது. டெஸ்லா தன் சோலார் கூரையைக் காட்டியதும் அதே 2016-ல்தான். ஒரு நிறுவனத்தின் ஓடு இன்னொன்றின் ஓட்டோடு சேராது; பதினைந்தாம் வருடத்தில் கிளை விழுந்து நாலு ஓடு உடைந்தால் அதே அளவில் எங்கே போய்த் தேடுவது? அக்கா இப்போது ஆறு ஓடுகளைக் கூடுதலாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்