மரணச் செய்தியும் ஆடித் தள்ளுபடியும்

ஆசிரியருக்கு,

தொலைக்காட்சியில் விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் சேனல் நடத்த முடியாது என்பது தெரிந்ததுதான். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்துக் கழிப்பறைக் கறையைக் காட்டுவதற்குக்கூடப் பழகிவிட்டோம். என் புகார் செய்திச் சேனல்களைப் பற்றியது. பெரிய விபத்து, பேரிடர் நேரங்களில் அவை விளம்பரத்தைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தைப் பற்றியது.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு. அன்று எங்கள் வீட்டில் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி மாதம் வேறு. செய்தியாளர் சேற்றில் நின்றபடி மீட்கப்பட்ட உடல்களின் எண்ணிக்கையைச் சொல்கிறார். திடீரென்று அவரைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, இடது பக்கமும் கீழேயும் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விரிகிறது. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் சிரித்துக்கொண்டே சுழல்கிறார்கள். பக்கத்திலேயே, குடும்பத்தைக் காணாமல் ஒரு மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். சேனலை மாற்றினால் அங்கே சமையல் எண்ணெய்.

இதை வெறும் ரசனைக் குறைவு என்று விட்டுவிட முடியாது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7-ஆவது விதி, விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், நிகழ்ச்சிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்கிறது. நிகழ்ச்சி ஓடும்போதே திரையின் அடியில் விளம்பர வாசகம் போடுவதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் என்பதும் அதே விதிதான். அந்தக் கணக்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கறாராக்கப் பார்த்தபோது சேனல்கள் நீதிமன்றத்துக்குப் போயின. சரி, அது பணத் தகராறு. நான் கேட்பதற்குப் பணம்கூட அதிகம் ஆகாது.

எந்த நேரத்தில் எந்த விளம்பரம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுத்தான் ஓட விடுகிறார்கள். பட்டியல் போட்டவருக்கு மலை சரியப்போவது தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒளிபரப்பு அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரை தெரியுமே? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய சேனல்கள் நாள்கணக்கில் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பின. அவ்வளவு தூரம் நம்மவர்கள் போக வேண்டாம். இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் அழுகிறவர்களைக் காட்டும்போதும் திரையைச் சுருக்காமல் இருந்தால் போதும். நேரம் காலம் பார்ப்பது நம் அரசுக்கும் தெரியாததல்ல. 2017 டிசம்பரில், ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணிக்குள் மட்டும் போடுங்கள் என்று சொன்னது மத்திய அமைச்சகம்தான்.

செய்திப் பிரிவில் பொறுப்பான ஒருவருக்கு விளம்பரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கட்டும். நின்றுபோனதை வேறொரு நாள் போட்டு ஈடுகட்டிக்கொள்ளலாம். சேனல்கள் செய்யாவிட்டால், காசு கொடுக்கும் கடைக்காரர்களாவது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அன்று அந்த ஜவுளிக்கடையின் பெயரைப் பார்த்து எங்கள் வீட்டில் பேசிக்கொண்டதை அதன் முதலாளி கேட்டிருந்தால் மறுநாளே சேர்த்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்